வேனின் பின் புளோயர்: பழுதறிதலும் பழுது நீக்குதலும்

கிராமத்தில் வேன் என்பது அதன் சொந்தக்காரருக்கு மட்டும் உரிய வண்டியாக இருப்பதில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும், கல்யாணச் சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போவதும், பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கூட்டங்களுக்குச் சென்று வருவதும் பெரும்பாலும் ஊரிலுள்ள ஒரே பழைய வேனில்தான். அவ்வண்டியில் நோயாளியும் முதியவரும் குழந்தைகளும் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தால், அநேகமாகப் பின் இருக்கையில்தான். முன் இருக்கையில் ஓட்டுநரும், வழி சொல்லுகிறவரும் அமர்ந்துவிடுகின்றனர். ஆகவே வேனின் பின்புறத்துக்குக் காற்று வீசும் சிறு யந்திரம் நின்றுபோனால், அதனால் துன்பப்படுவோர் எவர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் டொயோட்டா குவாலிஸ், 2001-இல் மாருதி வெர்சா, 2004-இல் செவர்லே டவேரா, 2005-இல் டொயோட்டா இன்னோவா என்று பல பெரிய குடும்ப வண்டிகள் விற்பனைக்கு வந்தன. இவற்றின் சில வகைகளில், முன்புறத்தில் உள்ளது போலவே பின் இருக்கைக்காரர்களுக்கும் தனிக் காற்று அமைப்பு உண்டு. முதல் மூன்று வண்டிகளின் உற்பத்தியும் நின்று பல ஆண்டுகள் ஆயினும், பழையவை இன்றும் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பின் புளோயர் கெட்டால், மோட்டாரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவது வழக்கமாகி இருக்கிறது. அது எப்பொழுதும் உண்மையன்று என்பதை நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இங்கு எழுதுகிறோம்.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில், மதுராந்தகம் ஏரிப் பாசனத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்திலிருந்து முகூர்த்தப் புடைவை எடுப்பதற்காக எட்டுப் பேர் ஒரு வேனில் தியாகராய நகருக்குப் புறப்பட்டார்கள். பெண் வீட்டாருக்கு வேண்டியவர் என்ற முறையில் நாமும் அதில் இருந்தோம். வழி ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தாம்பரம் தாண்டும்வரை பின்னால் காற்று வந்துகொண்டிருந்தது. பிறகு அது குறைந்து, கிண்டியில் நின்றேவிட்டது. முன்னால் அமர்ந்திருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. அவர்களுக்குக் குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே இருந்தது. உஸ்மான் சாலையில் வண்டி நகர முடியாமல் வெயிலில் நின்றபோது, கடைசி இருக்கையில் இருந்த பெண்ணின் பாட்டியார் மயங்கிச் சாய்ந்தார். பனகல் பூங்காவில் மர நிழலில் அமர்த்தி, முகத்தைத் துடைத்து, சிறிது சிறிதாக நீர் கொடுத்த பின்னரே அவர் கண் விழித்தார். புடைவை எடுக்கும் உற்சாகம் அன்று எவருக்கும் இல்லை.

மறுநாளே வேன்காரர் ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினார். வண்டி பழையது, மோட்டார் தேய்ந்துவிட்டது என்று கூறி, வேறு மோட்டார் மாட்டி, பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டனர். காற்றும் வந்தது. ஒன்பதாம் நாள், தைத்த ரவிக்கைகளையும் நகைகளையும் வாங்கிவர மறுபடியும் தியாகராய நகருக்குச் சென்றபோது, புது மோட்டாரும் பழைய மோட்டார் செய்ததையே செய்தது.

காற்று வரும் வழி

பழுதை அறிய வேண்டுமானால் முதலில் அமைப்பை அறிய வேண்டும். இத்தகைய வேன்களில் கம்ப்ரஸர் ஒன்றே. அது எஞ்சினோடு சேர்ந்து சுழன்று, குளிர்விக்கும் காஸை முன்புறத்துக் கூலிங் காயிலுக்கும் பின்புறத்துக் கூலிங் காயிலுக்கும் அனுப்புகிறது. காயிலின் மீது காற்றைத் தள்ளுவதே புளோயரின் வேலை. பின் புளோயர் சில வண்டிகளில் கூரையிலும், சிலவற்றில் பின் பக்கச் சுவர்த் தகட்டினுள்ளும் வைக்கப்பட்டிருக்கும். இதற்குத் தனி பியூஸ், தனி சுவிட்சு, தனி ஒயர் உண்டு. ஆகவே முன் புளோயர் நன்றாக ஓடுவதைக் கொண்டு பின் புளோயரின் வழி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யலாகாது.

மின்சாரம் பாட்டரியில் புறப்பட்டு, பியூஸ் வழியே ரிலேக்கும், அங்கிருந்து சுவிட்சுக்கும், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டருக்கும் சென்று மோட்டாரை அடைகிறது. அத்துடன் வழி முடிந்துவிடுவதில்லை. மோட்டாரின் மற்றொரு ஒயர் வண்டியின் இரும்பு உடலில் ஒரு திருகால் பிணைக்கப்பட்டிருக்கும். அந்த உடலின் வழியாகவே மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகிறது. இதையே மெக்கானிக்குகள் பாடி எர்த் என்கிறார்கள். சில வண்டிகளில் ரெசிஸ்டரும் சுவிட்சும் இந்தத் திரும்பும் வழியில் அமைந்திருப்பதும் உண்டு. எவ்வாறாயினும், போகும் வழி, திரும்பும் வழி இரண்டும் திறந்திருந்தால்தான் மோட்டார் ஓடும். விவசாயிக்கு இது புதிதன்று. வயலுக்கு நீர் வர மதகு திறந்திருந்தால் மட்டும் போதாது. கடைமடை அடைபட்டால் வாய்க்காலில் நீர் நிற்குமேயன்றி ஓடாது.

குறிகளைக் கொண்டு அறிதல்

கழற்றுமுன் கவனிக்க வேண்டும். சுவிட்சை ஒவ்வொரு வேகத்திலும் வைத்து, மோட்டார் என்ன செய்கிறது என்பதைக் காதால் கேட்டால், வேலையில் பாதி முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, முன்புறத்தில் பின் காற்றுக்கென்று ஒரு சுவிட்சு இருக்கிறதா என்று பாருங்கள். பல வேன்களில் அதைப் போட்டால்தான் பின் சுவிட்சுக்கு உயிர் வரும். அது அணைந்திருப்பதை அறியாமல் பட்டறைக்குப் போனவர்களும் உண்டு. சொல்ல வெட்கப்பட்டு நம்மிடம் மட்டும் சொன்னார்கள்.

உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடவில்லையென்றால் ரெசிஸ்டர் பழுது என்று ஏறக்குறைய உறுதியாகக் கூறலாம். உச்ச வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே செல்கிறது. குறைந்த வேகங்களில் அதன் கம்பிச் சுருள்கள் வழியே செல்ல வேண்டியிருக்கிறது. சுருளோ அதனுடன் வைத்த வெப்பத் தடுப்போ எரிந்துபோனால் குறைந்த வேகங்கள் மறைந்துவிடும். இதற்கு மாறாக உச்ச வேகம் ஒன்று மட்டும் இல்லையென்றால் சுவிட்சின் அந்த முனையையோ, அதற்குரிய ரிலேயையோ பார்க்க வேண்டும். எந்த வேகத்திலும் ஓடாமல் இருந்து, மோட்டாரின் உறையை ஸ்குரு டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், உள்ளிருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. கிறீச்சென்ற ஓசை தாங்கும் புஷ்ஷின் வறட்சியைக் காட்டும். சடசடவென்ற ஓசை இலையோ காகிதமோ விசிறியில் சிக்கியதைக் காட்டும். நாம் அறிந்த ஒரு வண்டியில் எலி கட்டிய வைக்கோல் கூடே இருந்தது. களத்து மேட்டருகே நிறுத்தும் வண்டிகளுக்கு இது இயல்பு.

மோட்டார் வேகமாகச் சுழலும் ஓசை கேட்டும் காற்று மட்டும் மெலிந்து வந்தால், குற்றம் மின்சாரத்தில் இல்லை. பின் காயிலின் முன் தூசி அடர்ந்திருக்கலாம்; வலை அடைத்திருக்கலாம். காற்று பலமாக வந்து குளிர்ச்சி இல்லையென்றால் அது காஸைப் பற்றிய விஷயம். அந்தக் குழாய்களில் காஸ் மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால், அவற்றை நம் கையால் அவிழ்ப்பது கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. அதற்குரிய கருவிகள் உள்ளவரிடம் விட்டுவிடுவதே நலம்.

நம் வேனில் கண்ட குறி இவற்றுள் எதிலும் அடங்கவில்லை. காற்று படிப்படியாக மெலிந்து, வண்டி குலுங்கும்போது ஒரு நொடி பலத்து, மறுபடி மெலிந்து நின்றது. எல்லா வேகங்களிலும் இதே நிலை. குலுக்கத்துக்கு இசைந்து மாறும் பழுது பெரும்பாலும் ஒரு பிணைப்பில்தான் இருக்கும். முதல் பட்டறையில் இதை எவரும் கேட்கவில்லை, வேன்காரரும் சொல்லவில்லை.

சோதனை விளக்கு

மேற்கு மாம்பலத்துக்குச் செல்லும் வழியில், ஒரு குறுகிய தெருவில், வயது முதிர்ந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருப்பதாகச் சொல்லி எவரோ வழி காட்டினார்கள். அவரிடம் இருந்த கருவி ஒரு பல்பு. பிரேக் விளக்கில் மாட்டும் 21 வாட் பல்பை ஹோல்டரில் பொருத்தி, அதிலிருந்து இரண்டு நீண்ட ஒயர்களை எடுத்து, முனைகளில் கவ்வியும் ஊசியும் வைத்திருந்தார். இதை எவரும் செய்துகொள்ளலாம். செலவு மிகச் சிறிது. மல்டிமீட்டர் இருக்க இது எதற்கு என்று நாம் கேட்டோம். அவர் கூறிய விடை இக்கட்டுரையின் சாரம் ஆதலால் அதைச் சற்று விரித்துச் சொல்லுகிறோம்.

அடைபட்ட வாய்க்காலில் நீர் ஓடாவிட்டாலும், அடைப்பு வரைக்கும் நீர் மட்டம் குறைவதில்லை. மட்டத்தை மட்டும் அளப்பவன் வாய்க்கால் நிறைந்திருக்கிறது என்றே எண்ணுவான். மல்டிமீட்டர் மிகச் சொற்பமான மின்சாரத்தையே இழுக்கிறது. ஆகையால் துருப்பிடித்து, ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒயரிலும் கப்ளரைக் கழற்றி வைத்து அளந்தால் அது 12 வோல்ட்டு என்றே காட்டும். 21 வாட் பல்போ ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் மின்சாரத்தைக் கேட்கிறது. வழி கெட்டிருந்தால் கொடுக்க முடியாது. பல்பு மங்கும், அல்லது எரியாது. மல்டிமீட்டர் கெட்ட கருவி என்பதல்ல. மோட்டாரை ஓடவிட்டு அளந்தால் அதுவும் உண்மையே சொல்லும்.

முதலில் அவர் பியூஸைப் பார்த்தார். அதன் இரு முனைகளிலும் பல்பு எரிந்தது. அடுத்து, பக்கத் தகட்டின் கிளிப்புகளை மெல்ல நீக்கி, மோட்டாரின் கப்ளரை வெளியே எடுத்தார். சுவிட்சை உச்ச வேகத்தில் வைக்கச் சொல்லி, பல்பின் கவ்வியை நல்ல இரும்பில் மாட்டி, ஊசியை மோட்டாருக்கு வரும் ஒயரில் தொட்டார். பல்பு வெண்மையாக எரிந்தது. இதிலிருந்து பாட்டரி, பியூஸ், ரிலே, சுவிட்சு ஆகிய அனைத்தும் குற்றமற்றவை என்று ஒரே தொடுதலில் தெரிந்துவிட்டது. பின்னர், கவ்வியை அதே இரும்பிலேயே விட்டு, ஊசியை மோட்டாரிலிருந்து திரும்பிச் செல்லும் ஒயரில் தொட்டார். திரும்பும் வழி நன்றாக இருந்தால் அங்கே பல்பு எரியக் கூடாது. அது மங்கலாக எரிந்தது. அதே நேரத்தில் மோட்டாரும் மெல்ல அசைந்தது. வீட்டுக்குப் போகும் வழி அடைபட்ட மின்சாரம், பல்பின் வழியே போகத் தொடங்கியதுதான் காரணம்.

“மோட்டாருக்குக் கரண்ட் வருது தம்பி, திரும்பிப் போகத்தான் வழி இல்லே” என்று அவர் வேன்காரரிடம் சொன்னார். பிறகு ஒரு தடித்த ஒயரால் அந்தத் திரும்பும் முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையோடு இணைத்தார். மோட்டார் முழு வேகத்தில் ஓடியது. எர்த் பக்கத்தில் மட்டுமே இவ்வாறு நேர் இணைப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பாசிடிவ் பக்கத்தில் பியூஸ் இன்றி ஒயர் இழுத்தால், ஒயர் இரும்பைத் தொட்ட கணமே தீப்பிடிக்கும். அன்றியும், காற்றுப்பை உள்ள வண்டிகளில் மஞ்சள் உறையிட்ட ஒயர்களைப் பல்பாலோ ஊசியாலோ தொடவே கூடாது. பை திடீரென வெடித்து விரியக்கூடும்.

எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து சென்றபோது, அது பின் கதவுக்கு அருகில், தரைத் தகட்டுக்கு நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு திருகில் முடிந்தது. திருகைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாகக் களிம்பு பூத்திருந்தது. அப்பொழுதுதான் வேன்காரருக்கு நினைவு வந்தது. 2021 நவம்பர் மழையில், சவாரிக்கு வந்த இடத்தில், இதே தியாகராய நகரில் முழங்கால் நீரில் அவ்வண்டி ஓர் இரவு முழுவதும் நின்றதாம். இந்நகர் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம். 1920-களில் நீண்ட ஏரி என்று வழங்கிய நீர்நிலையை வற்றச் செய்து, வீதிகள் அமைத்து, சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரை இட்டார்கள். மழை மிகுந்தால் நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வருவதில் வியப்பில்லை. 2015 டிசம்பரிலும் அவ்வாறே வந்தது. தேங்கிய நீரில் நின்ற வண்டி உடனே கெடுவதில்லை. இருக்கை காய்ந்து, நாற்றம் போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணும்போது, தாழ்வான இடங்களில் உள்ள திருகுகள் அரிக்கப்படத் தொடங்குகின்றன. ஆறு மாதத்தில் அந்த அரிப்பு வேலையைக் காட்டிற்று.

சிறு களிம்பு இவ்வளவு செய்யுமா என்று சிலர் நினைக்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியர் 1827-இல் வெளியிட்ட விதியே இதற்குப் போதும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை, எளிமைக்காக, 1.2 ஓம் தடை என்று கொள்வோம். களிம்பின் தடை 0.6 ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1.8 ஓம்; மின்சாரம் 6.7 ஆம்பியராகக் குறைகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 8 வோல்ட்டு. மீதி 4 வோல்ட்டும் திருகிலேயே செலவாகிறது. மோட்டார் பெறும் சக்தி 120 வாட்டிலிருந்து 53 வாட்டாகிறது, பாதிக்கும் குறைவு. திருகிலோ சுமார் 27 வாட் வெப்பம் பிறக்கிறது. ரேடியோ பழுது பார்ப்போர் ஈயம் உருக்கும் சிறு சூட்டுக்கோலின் சக்தி 25 வாட்தான். அத்தகைய கோல் ஒன்றைத் தரை விரிப்புக்கு அடியில் செருகி வைத்துவிட்டு, அதன் மேல் முதியவரையும் குழந்தையையும் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறோம்.

முதல் பட்டறையில் மோட்டார் மாற்றியதும் ஓடியதற்கும் காரணம் இப்போது விளங்கும். தகட்டைக் கழற்றி ஒயரை இழுத்து அசைத்தபோது களிம்பு சற்று விலகித் தற்காலிகமாகப் பிடி கிடைத்திருக்கிறது.

பழுது நீக்கிய விதம்

பாட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றினார்கள். திருகை எடுத்து, ஒயரின் வளையத்தையும், தகட்டில் அது படியும் இடத்தையும் உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்தார்கள். வளையத்துக்கு அருகே ஒயரின் செம்பு இழைகள் கறுத்திருந்தமையால், அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி நீக்கிப் புது வளையம் அழுத்தி, ஈயம் வைத்தார்கள். பழைய திருகுக்குப் பதிலாகப் புதுத் திருகு, பல் வாஷருடன். இறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசினார்கள். கிரீஸை முன்னதாகப் பூசி இறுக்குவோரும் உண்டு. இரும்பும் வளையமும் நேராகப் படிந்த பின் பூசுவதையே எலக்ட்ரீஷியன் விரும்பினார். தகட்டின் பெயிண்டின் மேலேயே வளையத்தை வைத்து இறுக்கினால் பயனில்லை. பெயிண்டு மின்சாரத்தைக் கடத்தாது. எல்லாம் முக்கால் மணி நேர வேலை. இறுதியில் மோட்டாரை ஓடவிட்டு, திரும்பும் ஒயரில் மறுபடி பல்பைத் தொட்டுப் பார்த்தார். எரியவில்லை.

அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. பின் காயிலிலிருந்து நீர் வடியும் குழாயில் ஊதிப் பார்த்தார், சேறு அடைத்திருந்தது. இந்தக் குழாய் அடைத்தால் காயிலில் சொட்டும் நீர் வெளியே போகாமல் தகட்டினுள் வழியும். புது எர்த்தும் ஒரு பருவத்தில் பழையபடி ஆகிவிடும். ஆதலால் விரிப்பு ஈரமாக இருக்கும் வண்டியில், ஒயரைப் பார்ப்பதோடு நீர் வரும் வழியையும் தேட வேண்டும்.

இதே முறை மற்றப் பழுதுகளுக்கும் பொருந்தும். ரெசிஸ்டர் எரிந்திருந்தால் புதிது மாட்டுவது எளிது. இரண்டு திருகு, ஒரு கப்ளர். அது ஏன் எரிந்தது என்பதுதான் கேள்வி. ரெசிஸ்டரைக் காற்றுப் பாதையிலேயே வைப்பார்கள். வீசும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. தூசியால் காற்று குறைந்தாலோ, மோட்டார் இறுகி அதிக மின்சாரம் இழுத்தாலோ அது மறுபடியும் எரியும். விசிறியை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சில சுற்றுகள் ஓட வேண்டும். கப்ளரின் பிளாஸ்டிக் உருகிப் பழுத்திருந்தால் அதையும் மாற்றாமல் புது ரெசிஸ்டர் மாட்டுவது வீண். மோட்டார் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், புதிது கிடைக்காத பழைய வண்டிகளுக்குப் புதுப்பேட்டையில் தேடுவோர் பலர். அங்கே வாங்கும்போது கையில் ஒரு 12 வோல்ட்டு பாட்டரி கொண்டுபோய், அங்கேயே ஓடவிட்டுப் பார்த்து, விசிறி சுழலும் திசை பழையதோடு ஒத்திருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். எதிர்த் திசையில் சுழலும் விசிறி ஓசை எழுப்பும், காற்றைப் போதுமான அளவு தள்ளாது.

பியூஸ் விஷயத்தில் நம் கிராமங்களில் உள்ள ஒரு பழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. பம்புசெட்டு மோட்டாரின் பியூஸ் கட்டையில் இரண்டு இழைக்கு நான்கு இழையாகச் செம்புக் கம்பியைச் சுற்றும் கை, வேனுக்கும் அதையே செய்கிறது. நீல நிறப் பியூஸ் 15 ஆம்பியர், மஞ்சள் 20, பச்சை 30. நீலம் இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் பியூஸ் போகாது, ஒயர் போகும். கூரையினுள்ளும் தகட்டினுள்ளும் ஓடும் ஒயர் எரிந்தால், புகை முதலில் சேர்வது பின் இருக்கையில். சிகரெட்டு உறையின் வெள்ளித் தாளைச் சுற்றிப் பியூஸாகச் செருகியிருந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த வேன் பள்ளிக்கூடக் குழந்தைகளை ஏற்றிச் செல்வது.

வாடகை வேனை அமர்த்தும் பஞ்சாயத்தார் ஒன்று செய்யலாம். கோடை தொடங்குமுன் ஒரு நாள் வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டி, ஓட்டுநரையே கடைசி இருக்கையில் கால் மணி நேரம் உட்காரச் சொல்ல வேண்டும். மழைநீரில் நின்ற வண்டியானால், அவ்வருஷமே எர்த் திருகுகள் அனைத்தையும் கழற்றித் தேய்த்து மாட்டச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அவை கைவிரல்களில் எண்ணிவிடக் கூடியவையே.

எலக்ட்ரீஷியன் கேட்ட கூலி, முதல் பட்டறையில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேன்காரருக்கு அது மகிழ்ச்சியைவிட வருத்தத்தையே அதிகம் தந்தது. கழற்றிய பழைய மோட்டார் கோணிப் பையில் சுற்றியபடி இன்னும் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. அதை எடுத்து, இரண்டு ஒயர்களைப் பாட்டரியில் தொட்டுப் பார்த்தார்கள். மண்ணை உதறிக்கொண்டு அது முழு வேகத்தில் ஓடிற்று.